ஈறு கலரில் ஒரு பொய்

ஆபீஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'குதிரை.' வேலையில் நான் காட்டும் வேகத்துக்காக வைத்த பெயர் என்று மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். அதைப் பார்த்த அன்றுதான் உண்மை தெரிந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் மேல் வரிசையில் இரண்டு பற்கள் மட்டும் தனியாக, நீளமாக, எனக்கு முன்னாலேயே போட்டோவுக்கு வந்து நின்றன.

பல் வளரவில்லை ஸார். முளைத்து முடித்த பல் வளராது. ஈறுதான் மேலே ஏறிவிட்டது. கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறங்கினால் உள்ளே உறை தெரியுமே, அந்த மாதிரி பல்லின் வேர் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

காரணம் நான்தான். மீஞ்சூரில் குடியிருந்து பாரிமுனையில் வேலை பார்க்கிறவன் காலையில் பல் தேய்க்க ஒதுக்கக்கூடிய நேரம் நாற்பது செகண்ட். லோக்கலை விட்டால் அடுத்தது எப்போது என்பது ரயில்வேக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். இரண்டு நிமிஷ வேலையை நாற்பது செகண்டில் முடிக்க வேண்டுமானால் அழுத்தம் தேவை. கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷ்ஷாக வாங்கி, ரம்பம் போடுகிற மாதிரி குறுக்கே இழுப்பேன். வாயில் ரத்தம் வந்தால் 'சுத்தமாகிவிட்டது' என்று ஒரு திருப்தி வேறு.

அப்போதுதான் வீட்டில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பற்களோடு போட்டோ கொடுத்தால் ஜாதகத்தைப் பிரிக்கவே மாட்டார்கள் என்று பயந்து பல் டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "நீங்க பல்லுக்குப் போடறது பிரஷ்ஷா, இழைப்புளியா?" என்றார்.

விளக்கமும் சொன்னார். எனாமல் என்கிற கடினமான மேல்பூச்சு பல்லின் தலைப்பகுதிக்கு மட்டும்தான். வேருக்குக் கிடையாது. வேர் கொஞ்சம் மிருதுவானது. ஈறு என்கிற போர்வை விலகியதும் பிரஷ் அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு பள்ளம் வெட்டிவிடும். ஐஸ் தண்ணீர் குடித்தால் மண்டை வரைக்கும் மின்சாரம் பாய்வது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான்.

"அடைச்சிடலாம். ஆனா வெள்ளை கலர்ல அடைச்சா கூச்சம் போகும், நீளம் போகாது."

குதிரை குதிரையாகவே இருக்கும் என்று அர்த்தம்.

மேல் அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து ஈறில் வைத்துத் தைக்கிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. 1985-லிருந்து நன்றாகத் தெரிந்த முறை. 'தைக்கிற' என்ற சொல்லைக் கேட்டதுமே நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் ஈறு கலர் ஃபில்லிங். பல்லுக்கு வைக்கிற அதே பசைதான், வெள்ளைக்குப் பதில் ரோஸ். பள்ளத்தில் வைத்துவிட்டால் ஈறு பழைய இடத்துக்கே வந்துவிட்ட மாதிரி தெரியும்.

அதாவது ஈறு கலரில் ஒரு பொய். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

கலர் பொருத்துவதில்தான் முதல் சிக்கல். டூத்பேஸ்ட் விளம்பரத்தில் வருகிற ரோஸ் ஈறு நம்மில் நிறைய பேருக்குக் கிடையாது. தோலைக் கறுப்பாக்குகிற அதே மெலனின் ஈறிலும் இருக்கிறது. அது வியாதி இல்லை, நம் சொத்து. என்னுடையது கிட்டத்தட்ட கத்தரிக்காய் கலர். டாக்டரம்மா இரண்டு மூன்று பசைகளைக் கலந்து பார்த்து, என் உதட்டைத் தூக்கிப் பிடித்து, புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் தேடுகிறவர் மாதிரி பத்து நிமிஷம் யோசித்தார்.

அப்புறம் வேலை சுலபம். முதலில் ஆசிட் ஜெல் தடவிக் கழுவி, பல்லின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். 1955-ல் மைக்கேல் புவோனகோர் என்கிற அமெரிக்கர் கண்டுபிடித்தது. உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் ஆசிட் தடவுவதைப் பார்த்து, 'பல்லிலும் தடவினால் என்ன?' என்று யோசித்திருக்கிறார். அதற்கு மேல் பசை. இதன் மூலம் ரஃபேல் போவன் 1962-ல் பேட்டன்ட் வாங்கிய சரக்கு. பிளாஸ்டிக் மாதிரி ஒரு ரெசின், அதற்குள் கண்ணாடித் தூள். நீல விளக்கைக் காட்டினால் இருபது முப்பது செகண்டில் கெட்டியாகிவிடும்.

கண்ணாடியில் பார்த்தேன். குதிரை போய் மனிதன் வந்திருந்தான். மூவாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"ரெண்டு நாளைக்கு டீ, காபி, மஞ்சள் போட்ட குழம்பு வேணாம். விளக்கு காட்டினதும் முக்கால்வாசிதான் கெட்டியாகும். மிச்சம் மெதுவா ஒரு நாள் வரைக்கும் இறுகும். முரட்டு பிரஷ்ஷை இன்னிக்கே தூக்கிப் போட்ருங்க" என்றார்.

தலையாட்டினேன். வெளியே வந்தால் எதிரே டீக்கடை. புதுச் சிரிப்பை யாரிடமாவது காட்ட வேண்டாமா? மாஸ்டரிடம் காட்டினேன். அவர் சும்மா இருப்பாரா, ஒரு ஸ்ட்ராங் டீ நீட்டினார். ராத்திரி வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. பிரஷ்ஷைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. நாற்பது ரூபாய் பிரஷ், இன்னும் இரண்டு மாசம் வரும்.

புதுப் போட்டோ எடுத்து, பொன்னேரியில் பெண் பார்த்து, நிச்சயமும் ஆனது. எல்லாம் அந்த ரோஸ் பசையின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாசம் கழித்து பொன்னேரி பஜாரில் முகூர்த்தப் புடவை பார்த்துவிட்டு ஜூஸ் குடிக்க உட்கார்ந்தோம். ஏதோ ஜோக் சொல்லிவிட்டு நானே பெரிதாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உற்றுப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க... உங்க ஈறுல ஏதோ மஞ்சளா ஒட்டிட்டிருக்கு. மத்தியானம் சாம்பாரா?"

கர்ச்சீப்பால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. "விடுங்க, துண்டு சதையும் சேர்ந்து வந்துடப் போகுது" என்றாள். அன்றிலிருந்து போனில் பேசும்போதுகூட வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினேன்.

மறுபடியும் டாக்டரம்மா. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாடம் நடத்தினார்.

"உங்க வாய்ல வெச்சது கல்லு இல்லீங்க. அது தண்ணி குடிக்கும்."

நிஜமாகவே குடிக்கிறது. ரெசின் நமக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சங்கிலி சங்கிலியாகக் கோத்த வலை. அந்தச் சந்துகளில் எச்சில் மெதுவாக நுழைகிறது. ரெசின் லேசாக உப்பும், மிருதுவாகும். ரெசினையும் கண்ணாடித் தூளையும் இணைத்துப் பிடித்திருக்கும் ஒட்டு நாளடைவில் தளரும். தளர்ந்த இடத்தில் இன்னும் தண்ணீர். தண்ணீர் தனியாக வந்தால் பரவாயில்லை. வரும்போது டீ, காபி, மஞ்சளையும் துணைக்குக் கூட்டி வருகிறது.

எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு உலக அளவில் சட்டமே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 4049 என்று பெயர். 15 மில்லிமீட்டர் குறுக்களவும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள வில்லை செய்து, உடம்புச் சூடான 37 டிகிரி தண்ணீரில் ஏழு நாள் ஊறப்போட்டு எடை பார்ப்பார்கள். ஒரு கன மில்லிமீட்டர் பசை 40 மைக்ரோகிராமுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. 7.5 மைக்ரோகிராமுக்கு மேல் கரையக் கூடாது. என் ஃபில்லிங் பத்து கன மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது அதிகபட்சம் குடிக்கக்கூடியது 0.4 மில்லிகிராம். ஒரு கடுகின் எடைகூட வராது. அந்தக் கடுகுதான் என் கல்யாணத்தில் தாளிக்கப் பார்த்தது.

எல்லாப் பசையும் ஒரே அளவு குடிப்பதில்லை. பள்ளத்தில் சுலபமாக ஓடிப் பரவ வேண்டும் என்பதற்காக இளக்கமாகச் செய்த பசையில் கண்ணாடித் தூள் குறைவு, ரெசின் அதிகம். குடிப்பது ரெசின்தான் என்பதால் அந்த வகை அதிகம் குடிக்கும். இன்னொரு சமாசாரம், காற்று பட்டுக்கொண்டிருக்கிற மேல்பரப்பு சரியாக இறுகாது. பிசுபிசுவென்று ஒரு மெல்லிய படலம் நிற்கும். அதைத் தேய்த்து எடுத்துப் பளபளப்பாக்கினால்தான் கறை சீக்கிரம் ஏறாது. ஈறுக்குப் பக்கத்தில், ரத்தம் வராமல், அந்தப் பாலிஷ் போடுவது கஷ்டமான வேலை. அவர் பொறுமையாகப் போட்டுத்தான் அனுப்பியிருந்தார். நான்தான் ஆறு மாசமாக அதே முரட்டு பிரஷ்ஷால் அந்தப் பாலிஷை உரித்துக்கொண்டிருந்தேன்.

"டீயா காபியா, எது மேடம் மோசம்?"

1991-லேயே ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்களாம். டீ பெரும்பாலும் மேலே படிகிறது, தேய்த்தால் போகும். காபி மேலேயும் படியும், உள்ளேயும் இறங்கும். மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தியவர்கள் எல்லோருமே அதில் விஞ்ஞானிகள்தான்.

நிறம் மாறுவதற்கும் எண் கணக்கு உண்டு. பல் நிறத்தை வைத்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வித்தியாசம் 1.2 ஆனால் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும் என்றும், 2.7 ஆனால் பாதிப் பேர்தான் பொறுத்துக்கொள்வார்கள் என்றும் கண்டார்கள். என்னுடையவள் முதல் கணக்கில் தெரிந்துகொள்கிற பாதி. இரண்டாவது கணக்கில் எந்தப் பாதி என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

யோசித்துப் பார்த்தால் மீஞ்சூர்க்காரனுக்கு இந்தப் பாடம் புதிதே இல்லை. தொழிற்சாலைகளுக்காக எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் இறங்கின இடத்தில் கடல் தண்ணீர் நுழைந்தது. 1960-களின் கடைசியிலேயே ஆரம்பித்த சமாசாரம், கிணறு கிணறாக உப்புக் கரித்தது. அப்புறம் 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில், கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்து சென்னைக்கு அனுப்ப, நாளைக்குப் பத்து கோடி லிட்டர் கணக்கில் ஒரு ஆலை வந்தது. தண்ணீருக்கு சந்து கிடைத்தால் போதும். பூமியா, பல்லா என்றெல்லாம் பார்க்காது.

டாக்டரம்மா பாலிஷ் போட்டார். பாதி கறை போனது. பாக்கி உள்ளே இறங்கியது. "கல்யாணத்துக்குப் பதினைஞ்சு நாள் முன்னால வாங்க, மேலாக சுரண்டிட்டு புதுசா ஒரு பூச்சு வெச்சிடறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போனேன். நைனாவும் அம்மாவும் அங்கே ஏரிக்கரைக் குப்பத்தில்தான் இருக்கிறார்கள். நைனா நாற்பது வருஷமாக ஏரியில் வலை போடுகிறவர். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் இறால் வலை கட்டலாம் என்பதற்கு 'பாடு' என்று ஒரு முறை. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் பாடு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

கதையெல்லாம் கேட்டுவிட்டு, "வாயைத் தொற" என்றார். விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடா சாமான் இது?"

"ரெசின் நைனா. உள்ளே கண்ணாடித் தூள்."

சிரித்துவிட்டார். துண்டால் வாயை மூடிக்கொண்டு. "த்தோ கரையில நிக்குது பாரு ஃபைபர் போட்டு. அதுவும் ரெசின், கண்ணாடிதான்டா. மேல வழவழன்னு ஒரு பூச்சு கீது பாரு, அது இருக்கற வரைக்கும் தண்ணி உள்ள போவாது. மண்ணுல இழுத்து இழுத்து பூச்சு தேஞ்சிச்சின்னா ஊறிக்கும். போட்டு கனத்துப் போவும். கரை ஏத்தி காயப் போட்டு, தேய்ச்சி, மறுபடி பூசணும். தண்ணியில போட்ட சாமான் ஊறாம இன்னா பண்ணும்? மூவாயிரம் குடுத்து உனுக்கு இத்த சொன்னாங்களா?"

நான் எதுவும் பேசவில்லை.

அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். பழவேற்காட்டு நண்டுக்கு வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சின்ன வயசில் நைனா ஒரு காலைப் பல்லால் கடித்து, உள்ளேயிருந்து சதையை முழுசாக உருவி என் தட்டில் வைப்பார். அன்று பார்த்தேன், அவர் சாதத்தில் குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். நண்டை அப்படியே என் தட்டுக்குத் தள்ளினார்.

"நீ துன்னு. எனுக்கு இப்பல்லாம் நண்டு புடிக்கறதில்ல."

நாற்பது வருஷமாக நண்டு பிடிக்கிறவர் சொல்கிறார், நண்டு பிடிக்கவில்லை என்று.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புடிக்காம இன்னா? கடிக்கப் பல்லு எங்க கீது? கீழ மூணு ஆடுது, மேல அஞ்சு போய்ச்சி. ரெண்டு வருஷமா கஞ்சிதான். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாரு. கல்யாணச் செலவு கீதாம்."

அதற்கப்புறம் எனக்கு நண்டு இறங்கவில்லை. அவர் துண்டால் வாயை மூடிச் சிரிப்பதை இரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். வெட்கம் என்று நினைத்தேன். என் இரண்டு பல்லுக்கு ரோஸ் பூச வழி தெரிந்த எனக்கு, அந்தத் துண்டை விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக ஆரம்பித்தது. என் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம். அவ்வளவு வருஷம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். பெரிய கூட்டம். நான் முணுமுணுத்தேன். நைனா நிதானமாக, "கம்முனு குந்துடா, நம்ம பாடு வரட்டும்" என்றார்.

உள்ளே ஒரு இளம் டாக்டர் பார்த்தார். பல்லைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஈறின் மடிப்பு என்று டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெத்தலை, புகையிலை எத்தனை வருஷம்?"

"படவுல ஏறின நாள்லேர்ந்து."

டாக்டர் பேசவில்லை. இன்னொரு பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம், இதெல்லாம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. புகையிலை போடுகிறவர்கள் வாயில் புற்றுநோய்க்கு முன்னால் வரக்கூடிய அடையாளங்கள். அந்த இரண்டு மூன்று நிமிஷம் என் ஈறு என்ன கலர் என்று யாராவது கேட்டிருந்தால், எனக்கு ஈறு இருக்கிறதா என்றே தெரிந்திருக்காது.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லை" என்றார் பெரியவர். "ஆனா புகையிலை இன்னியோட நிக்கணும் பெரியவரே. நிறுத்தினாலும் அப்பப்ப வந்து காட்டணும்."

நைனா மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். வெளியே வந்து போட்டேன். மறுநாள் இன்னொன்று வாங்கினார் என்று அம்மா போன் செய்தாள். அது ஒரு தனிப் போராட்டம். இப்போது மூன்றாவது மாசம், வாரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கிறது. ஒன்றும் வேண்டாம் என்று வாரா வாரம் சண்டை போடுகிறேன்.

ஆடிய பற்களை எடுத்தார்கள். ஈறு ஆறுவதற்கு விட்டு, அளவு எடுத்து, போன வாரம் கழற்றி மாட்டுகிற செட் கொடுத்தார்கள். அதிலும் ஈறு உண்டு. ரோஸ் கலர் அக்ரிலிக். 1937-லிருந்து புழக்கத்தில் இருக்கிற சரக்கு. அதுவும் தண்ணீர் குடிக்கும். அதற்கும் சட்டம் உண்டு, கன மில்லிமீட்டருக்கு 32 மைக்ரோகிராம். குடிக்கிற சாமான் காய்ந்தால் வடிவம் மாறிவிடும் என்பதால், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னார்கள். நண்டு ஓட்டை அதால் கடிக்கவே கூடாது என்றும் சொன்னார்கள். அதனால் இப்போது அம்மிக்கல்லால் உடைத்து, சதையை உருவி அவர் தட்டில் வைப்பது என் வேலை.

விஷயத்தை பொன்னேரியில் சொன்னேன். "மாமாவுக்குப் பல் கட்டினது நல்ல காரியம்" என்றாள். "அந்த மஞ்சள் புள்ளியை அப்படியே விடுங்க. கூட்டத்துல உங்களைக் கண்டுபிடிக்க வசதியா இருக்கும்." 2.7-ல் அவள் எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டது. முரட்டு பிரஷ்ஷை அன்று ராத்திரியே தூக்கிப் போட்டேன். இப்போது மிருதுவான பிரஷ், முழுசாக இரண்டு நிமிஷம். லோக்கல் போனால் போகட்டும்.

நேற்று நைனாவிடம் போனில் விசாரித்தேன், புதுப் பல் எப்படி இருக்கிறது என்று.

"நல்லாத்தான் கீது. இன்னா ஒண்ணு... பகல் பூரா நான் தண்ணியில, ராத்திரி பூரா பல்லு தண்ணியில."